பழைய வீட்டில் வினைல் தரை தூக்கிக்கொண்டு நிற்கிறது: மேலேயே இன்னொன்று ஒட்டலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். தெற்கு மாசி வீதிப் பக்கம் தாத்தா காலத்து வீடு, கட்டி 60 வருடத்துக்கு மேல் ஆகிறது. கீழ் வீட்டில் பட்டாசாலையிலும் இரண்டு அறைகளிலும் இருந்த சிவப்புத் தரைமேல், போன சித்திரையில் மரம் போலத் தெரியும் வினைல் பலகைகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். அடுப்படியில் சுருளாக வரும் வினைல் ஷீட். கார்த்திகைக்குள் ஓரங்கள் தூக்கிவிட்டன, இணைப்புகள் வாய் பிளந்துவிட்டன, நடுவில் அங்கங்கே உப்பல், அதோடு ஒரு புழுங்கிய நாற்றம். அம்மாவுக்கு ஒருநாள் கால் தடுக்கி, சுவரைப் பிடித்ததால் விழாமல் தப்பித்திருக்கிறார்கள். ஒட்டியவர் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஸ்ட்ராங்கான பசை போட்டு மேலேயே இன்னொரு லேயர் ஒட்டித் தர்றேன்" என்கிறார். ஒட்டச் சொல்லலாமா, எல்லாவற்றையும் பிய்த்துவிடுவதா, பிய்த்தால் கீழே பழைய தரை பிழைத்திருக்குமா என்று கேட்கிறீர்கள்.

மேலே இன்னொரு அடுக்கு ஒட்ட வேண்டாம். இதை மட்டும் உங்கள் வீட்டைப் பார்க்காமலே உறுதியாகச் சொல்வேன். மற்றதெல்லாம் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் சிவில் டிப்ளமோ முடித்து, மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் 24 வருடமாகத் தரை வேலை பார்க்கிறேன். அதில் பாதி, அடுத்தவர் போட்டுக் கெட்டுப்போனதைச் சரிசெய்யும் வேலை. நீங்கள் போட்டிருக்கும் நான்கு படங்களை வைத்து, குற்றம் பசையிலா, ஒட்டிய கையிலா, தரை ஈரத்திலா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அதை நீங்களே இரண்டு நாளில் கண்டுபிடிக்க முடியும். அதற்கான வழியைத்தான் எழுதப்போகிறேன்.

உங்கள் வீட்டுத் தரை எப்படிப் போடப்பட்டிருக்கும் என்பதிலிருந்து தொடங்குவோம். அந்தக் காலத்து மதுரை வீடுகளில் அடித்தளத்துக்குள் மண்ணோ மணலோ கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடுவார்கள். அதற்கும் மேலே சிமென்ட் பூச்சு. அந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சிவப்பு ஆக்ஸைடு தூளைச் சிமென்டோடு கலந்து தேய்த்து மெருகேற்றுவார்கள். இன்று தரைக் கான்கிரீட்டுக்குக் கீழே விரிக்கிற பாலித்தீன் ஷீட் அதில் இருக்காது. சுவருக்கும் ஈரத்தடுப்பு அடுக்கு பெரும்பாலும் இருக்காது. அதனால் மண்ணில் இருக்கும் ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மெதுவாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஓதம் ஏறுகிறது என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான்.

இந்த ஓதத்தால் சிவப்புத் தரைக்குப் பெரிய கெடுதல் கிடையாது. ஏறுகிற ஈரம் மேற்பரப்பில் காற்றுப் பட்டு உலர்ந்துவிடும். மழைக்காலத்தில் வெறுங்காலோடு நடந்தால் தரை சில்லென்று இருக்கும், காலில் லேசாக ஒட்டும், அவ்வளவுதான். அறுபது வருடமாக அந்தத் தரை இப்படித்தான் மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தது. அதன்மேல் வினைல் ஒட்டுவது பானைக்கு மூடி போடுவது மாதிரி. வினைல் என்பது பிவிசி, ஈரம் அதைத் தாண்டிப் போகாது. கீழிருந்து வருகிற ஈரம் பசையிலேயே தங்கிவிடும். பழைய தரையிலிருந்து வரும் ஈரம் வெறும் தண்ணீராகவும் இருக்காது. சிமென்டிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரத்தையும் மண்ணிலிருந்து உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். அந்தக் காரம் பசையைத் தின்றுவிடும். தண்ணீரில் கரைத்துச் செய்யும் அக்ரிலிக் பசையாக இருந்தால் மறுபடி கூழாகிவிடும். நீங்கள் சொல்லும் நாற்றத்துக்கு இதுவும், கூடவே வளரும் பூஞ்சையும் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சித்திரையில் ஒட்டியதாகச் சொல்கிறீர்கள் இல்லையா, சிக்கல் அங்கேயேகூடத் தொடங்கியிருக்கலாம். சித்திரை, வைகாசியில் மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். எந்தத் தரையும் எலும்பாகக் காய்ந்து கிடக்கும். அப்போது யார் வந்து கை வைத்துப் பார்த்தாலும் "தரை சுத்தமா காஞ்சிருக்கு" என்றுதான் சொல்வார். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் கதை மாறும். வைகையில் தண்ணீர் வந்தாலும், வண்டியூர் தெப்பக்குளம் நிறைந்தாலும் சுற்றியிருக்கும் வீடுகளில் கிணற்றிலும் போர்வெல்லிலும் தண்ணீர் ஏறுவதை ஊரே பார்க்கிறது. கிணற்றில் தெரிகிற அந்த ஏற்றம் தரைக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

நானும் இதே தவறைச் செய்தவன்தான். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், செல்லூரில் ஒரு பழைய வீட்டில் பங்குனி மாதம் முழு வீட்டுக்கும் ஷீட் ஒட்டினேன். தரையைக் கூட்டினேன், துடைத்தேன், நல்ல பசை போட்டேன். மார்கழியில் அந்த வீட்டு அம்மா கூப்பிட்டார்கள். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன், அப்பளம் மாதிரி மொத்தமாக எழுந்து வந்தது. அடியில் மணிமணியாகத் தண்ணீர். தரையில் திருநீறு பூசியது போல வெள்ளை உப்பு. மூன்று மாதக் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஈரச் சோதனை செய்யாமல் எந்தக் கீழ் வீட்டுத் தரையிலும் கை வைத்ததில்லை.

அந்தச் சோதனைக்குச் செலவு கிடையாது. அறைக்கு ஒரு இடம் வீதம், ஒன்றரை அடி சதுரம் வருகிற அளவுக்கு வினைலைப் பிய்த்துவிடுங்கள். பழைய பசையை முடிந்தவரை சுரண்டி, மின்விசிறி போட்டு ஒருநாள் காயவிடுங்கள். அப்புறம் கெட்டியான, நிறமில்லாத பாலித்தீன் தாளை ஒன்றரைக்கு ஒன்றரை அடி வெட்டி, தரையோடு படிய வைத்து, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும், நான் ஒரு முழு நாள் விடுவேன். மறுநாள் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் முத்துமுத்தாக நீர் கோர்த்திருந்தாலோ, தாள் இருந்த இடம் மட்டும் சுற்றிலும் உள்ளதைவிடக் கருத்திருந்தாலோ, ஈரம் தரையிலிருந்து வருகிறது. நீர் தாளின் மேல்பக்கம் இருந்தால் அது அறைக் காற்றிலிருந்து படிந்தது, தரைமேல் பழி இல்லை. சுவரோரம் ஒன்று, அறை நடுவில் ஒன்று என இரண்டு இடம் பார்ப்பது நல்லது. சுவரோரத்தில் மட்டும் ஈரம் இருந்தால் குளியலறைக் குழாய்க் கசிவாகவோ, வெளியே மழைநீர் சுவரடியில் தேங்குவதாகவோ இருக்கலாம். அதைச் சரிசெய்வது தரையை உடைப்பதைவிட எளிது.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. ஈரம் தெரிந்தால் அதை நம்பலாம். ஈரம் தெரியாவிட்டால், அன்றைக்கு இல்லை என்று மட்டும்தான் பொருள். அதனால் கோடையில் செய்து "பாஸ்" என்று முடிவுகட்டாதீர்கள். ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவில் செய்வதுதான் உண்மையைச் சொல்லும்.

பிய்த்த இடத்தில் கண்ணை ஓட்டினாலே இன்னும் பல விஷயம் தெரியும். பலகையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பசை முழுக்கப் பலகையிலேயே ஒட்டிக்கொண்டு, தரை வழவழப்பாக மின்னினால், பசை தரையைப் பிடிக்கவே இல்லை. சிவப்புத் தரையை வருடக்கணக்காகத் தேங்காயெண்ணெய் தொட்டோ மெழுகு போட்டோ துடைத்து வந்திருப்பார்கள், அந்த வழவழப்பில் எந்தப் பசையும் நிற்காது. மாறாக, பசை தரையிலும் பலகையிலும் பாதிப்பாதி இருந்து, தொட்டால் தேன் மாதிரி நூல் இழுத்து, நாற்றம் அடித்தால் அது ஈரம். பசையில் வரிவரியாக ஓடிய தடம் எங்குமே இல்லாமல், ஊற்றிய இடத்தில் தடியாகவும் மற்ற இடத்தில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் அது கையின் குற்றம், பல் வைத்த தகட்டால் இழுக்கவில்லை என்று அர்த்தம். வினைலின் மேலேயே எவ்வளவு துடைத்தாலும் போகாத இளஞ்சிவப்புக் கறை எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அது மேலே சிந்தியது கிடையாது. அடியில் ஈரத்தில் வளரும் நுண்ணுயிரின் நிறம் பிவிசிக்குள் ஊறி மேலே தெரிவது.

இன்னொன்று, நான் அடிக்கடி பார்ப்பது. தரைப் பள்ளங்களைச் சமன்செய்வதற்குச் சுவருக்குப் பூசுகிற வெள்ளைப் பட்டியையோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையோ அப்பிவிட்டு மேலே ஒட்டிவிடுவார்கள். அன்றைக்கு வழுவழுவென்று அழகாக இருக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சம், ஈரம் பட்டால் இளகிவிடும். சுவர்ப் பட்டி ஆள் நடமாட்டத்தின் எடைக்குச் செய்யப்பட்டதே இல்லை. ஆறு மாதத்தில் பொடியாகி, பலகை அதன்மேல் மிதக்கும். உங்கள் மூன்றாவது படத்தில் நிலைக்குப் பக்கத்தில் இணைப்பு வழியே வெள்ளைத் தூள் வெளியே வந்திருப்பது போலத் தெரிகிறது. உப்பா பட்டியா என்று படத்தில் சொல்ல முடியாது. கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். ஓதத்தில் பூக்கும் உப்பு பெரும்பாலும் கரைந்துவிடும். பட்டியானால் அடியில் மாவாகத் தங்கும்.

மேடுபள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய தரை, வாசல் பக்கம் தண்ணீர் ஓட வேண்டும் என்று சாய்த்துப் போட்டது. நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் தேய்ந்திருக்கும், மண் அமுங்கிய இடத்தில் இறங்கியிருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் நேரான அலுமினியக் கட்டையை வாங்கித் தரையில் வைத்து அடியில் நாணயங்களை நுழைத்துப் பாருங்கள். பசையில் ஒட்டும் மெல்லிய பலகைக்கு 2 மீட்டர் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருக்கக்கூடாது. ஒன்றோடொன்று கோத்து மாட்டும் வகைக்கு 3 மீட்டரில் 5 மில்லிமீட்டர் வரை பொறுக்கும். வெறுமனே சாய்வாக இருப்பது தவறில்லை. குழியும் திமிலும்தான் பகை.

உங்களுடையது ஒட்டும் வகை. ஆனாலும் இதைப் படிப்பவர்களில் கோத்து மாட்டும் வகை போட்டவர்களும் இருப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அந்த வகை தரையில் ஒட்டாமல் மிதக்கும், வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். சாதாரண வினைல், 4 மீட்டர் நீளத்தில் 15 டிகிரி வெப்பம் ஏறினால் 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை நீளும். கல்தூள் கலந்த கெட்டி வகை இதைவிடக் குறைவாக நீளும். அதற்காகத்தான் சுவரோரம் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஸ்கர்ட்டிங் எனும் சுவரடிப் பட்டையால் மறைக்கச் சொல்கிறார்கள். இடைவெளி விடாமல் சுவரில் முட்டி வைத்தாலோ, அறையின் இரு கோடியிலும் கனத்த இரும்பு பீரோவை ஏற்றிவிட்டாலோ, அது நகர வழியில்லாமல் நடுவில் கூரை மாதிரி எழும்பும். முற்றம் வைத்த வீடுகளில் மதிய வெயில் நேராக விழும் பட்டை மட்டும் எழும்பி நிற்பதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். பீரோவை நகர்த்தி, சுவரோரத்தை அறுத்துவிட்டாலே அது தானாகப் படுத்துவிடும். பலகையின் நாக்கு உடைந்திருந்தால் மட்டும் பலகையை மாற்ற வேண்டும்.

சரி, இரண்டாவது அடுக்கு ஏன் வேண்டாம்? மேலே ஒட்டுவது எவ்வளவு உறுதியான பசையாக இருந்தாலும், அது பிடிப்பது கீழே ஏற்கெனவே கழன்றுபோன வினைலை. ஆடுகிற பல்லின்மேல் தங்கம் கட்டுவதால் பல் நிற்காது. கீழே ஈரம் இருந்தால் அது இன்னும் கெட்டியாக மூடப்படும். தரை உயர்ந்து கதவு தட்டும், கதவை அறுக்க வேண்டிவரும், நிலைப்படியில் புதிதாக ஒரு தடுக்கல் வரும். வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும்போது இடையில் உள்ள பசைக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். பிற்பாடு பிய்க்கும்போது இரண்டு மடங்கு வேலை, பழைய தரைக்கு இரண்டு மடங்கு சேதம்.

சோதனையில் ஈரமே இல்லை, மழைக்காலத்திலும் இல்லை, குற்றம் ஒட்டிய விதத்தில்தான் என்று தெரிந்தால் நல்ல செய்தி. காப்பாற்றிவிடலாம். கையகல உப்பலாக இருந்தால், பலகையின் மர வரி ஓடும் போக்கிலேயே கூரான பிளேடால் சின்னதாக ஒரு கீறல் போடுங்கள், வரியில் கீறல் மறைந்துவிடும். முடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடாக்கினால் வினைல் இளகும். ஊசி இல்லாத மருந்துச் சிரிஞ்சில் பசையை ஏற்றி உள்ளே விட்டு, நடுவிலிருந்து கீறலை நோக்கி விரலால் தள்ளிக் காற்றை வெளியேற்றி, வழியும் பசையை உடனே துடைத்துவிட்டு, மேலே பட்டர் பேப்பர் விரித்து அம்மிக்கல்லையோ அரிசி மூட்டையையோ ஒருநாள் முழுக்க வைத்துவிடுங்கள். ஓரம் தூக்கிய பலகையானால் முழுதாக எடுத்து, தரையிலும் பலகையிலும் பழைய பசையைச் சுரண்டிவிட்டுத்தான் மறுபடி ஒட்ட வேண்டும். பழைய பசைமேல் புதுப் பசை நிற்காது.

புதிதாக ஒட்டும்போது மூன்று விஷயம் கவனிக்கச் சொல்வேன். பலகைப் பெட்டிகள் அந்த அறையிலேயே 48 மணி நேரமாவது படுத்த நிலையில் இருக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து இறக்கிய சூட்டோடு ஒட்டினால், இரவில் சுருங்கி இணைப்பு திறக்கும். உங்கள் இணைப்புகள் ஒரே அளவாக எல்லா இடத்திலும் திறந்திருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். அடுத்தது, பசை டின்னில் எழுதியிருக்கும் காத்திருப்பு நேரம். பசையை இழுத்தவுடன் ஒட்டினால் அதிலுள்ள கரைப்பான் வெளியேற வழியில்லாமல் உப்பலாகிறது. கடைசியாக, ஒட்டி முடித்ததும் 45 கிலோ எடையுள்ள உருளையை இரண்டு திசையிலும் உருட்ட வேண்டும். நம் ஊரில் பலர் காலால் மிதித்தும், துணியைச் சுருட்டித் தேய்த்தும் முடித்துவிடுகிறார்கள். அது போதாது. உருளை இல்லாதவருக்குப் பெரிய பரப்பைக் கொடுக்காதீர்கள்.

அடுப்படி ஷீட் தனிக் கதை. இணைப்பு பிளந்த இடத்தில் இரண்டு ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, இரும்பு அளவுகோல் வைத்து, ஒரே வெட்டில் இரண்டையும் சேர்த்து அறுத்தால் இரண்டும் மயிரிழை விலகாமல் பொருந்தும். இடையில் வினைலை உருக்கி இணைக்கும் திரவத்தை மெல்லிய முனை வழியாக விட்டால் தண்ணீர் இறங்காது. ஏற்கெனவே சுருங்கி இடைவெளி விழுந்த ஷீட்டில் ஏற்றி அறுக்க இடமிருக்காது, அங்கே அலுமினியப் பட்டை போட்டு மூடுவதுதான் நேர்மையான தீர்வு. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமையானால் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் பழக்கம் இருக்கிறது. சிவப்புத் தரைக்கு அது பொருந்தும். வினைலுக்குப் பிழிந்த துணிதான். அடுப்படியில் ரப்பர் மிதியடியும் போடாதீர்கள், ரப்பரிலிருந்து இறங்கும் மஞ்சள் கறை வினைலில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இப்போது, சோதனையில் ஈரம் தெரிந்தால். உங்கள் வீட்டில் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். நாற்றமும், கார்த்திகையில் தொடங்கியதும், கீழ் வீடு என்பதும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன. அப்படியானால் வினைலைக் காப்பாற்ற முயற்சி செய்யாதீர்கள், முழுவதையும் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது சுத்தியலும் உளியும் அறைக்குள் வரக்கூடாது. பலகையைச் சூடுகாட்டி இளக்கி, அகலமான பட்டித் தகட்டைப் படுக்கையாக நுழைத்து மெதுவாகக் கிளப்ப வேண்டும். ஷீட்டானால் அரை அடி அகலப் பட்டைகளாக மேலே மட்டும் கீறி, ஒவ்வொன்றாகச் சுருட்டி இழுக்க வேண்டும். பிளேடு தரையில் கோடு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிவப்புத் தரையில் விழுந்த கோடு போகாது. சூடு கைபொறுக்கும் அளவுக்கு மேல் வேண்டாம். பிவிசி கருகினால் வரும் புகை மூக்கையும் தொண்டையையும் அரிக்கும் அமிலப் புகை.

வேறு வீட்டில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய அலுவலகக் கட்டடங்களிலும் சில பழைய வீடுகளிலும் சின்னச் சதுரமாக, கெட்டியாக, வளைத்தால் ஒடியும் பிவிசி ஓடுகள் இருக்கும். அந்தக் காலத்தில் அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பிவிசி தரை ஓட்டுக்கென்றே ஐ.எஸ். 3461 என்று ஒரு இந்தியத் தரக்குறியீடு இருந்தது. அப்படிப்பட்டதை உடைக்கவோ, இழைக்கவோ, மெஷின் வைத்துத் தேய்க்கவோ கூடாது. உங்கள் வீட்டில் போன வருடம் போட்டதுதான் என்பதால் அந்தக் கவலை இல்லை.

எடுத்த பிறகு தரை முழுக்கப் பசை அப்பிக்கிடக்கும், பார்த்தாலே மனசு விட்டுப்போகும். அந்த நேரத்தில்தான் யாராவது "ஆசிட் ஊத்தினா போயிரும்" என்பார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். சிவப்புத் தரை என்பது சிமென்ட். ஆசிட் சிமென்டைத் தின்னும். பசை அப்படியே இருக்கும், தரையின் மெருகு மட்டும் போய்ச் சொரசொரப்பாகிவிடும். முதலில் வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து, பழைய துணியை நனைத்துப் போட்டு அரைமணி நேரம் ஊறவிட்டுச் சுரண்டிப் பாருங்கள். தண்ணீர்ப் பசை இதிலேயே வந்துவிடும். ரப்பர் பசையானால் டர்பன்டைன் தொட்டுச் சின்னச் சின்ன இடமாகத் துடைக்க வேண்டும். அதற்கு முன் பீரோ மறைவில் ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் சோதித்துவிடுங்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும், அடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்கட்டும். அம்மாவை அன்று பகல் வேறு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் தண்ணீர் விடாமல், காய்ந்த நிலையிலேயே தேங்காய்நார்த் தூரிகையால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போய், அடுத்த வாரம் திரும்பப் பூக்கும். சில வாரங்களுக்குப் பூத்துக்கொண்டே இருக்கும், கூட்டிக்கொண்டே இருங்கள். வினைலுக்கடியில் மாதக்கணக்கில் சிறைப்பட்டிருந்த ஈரம் வெளியேறுகிறது. அந்த நாற்றமும் கூடவே போய்விடும். ஈரம் முழுக்க வடிவதற்குள் மெருகு போடவோ மெழுகு தேய்க்கவோ அவசரப்படாதீர்கள்.

பழைய தரை பிழைத்திருக்குமா என்று கேட்டீர்கள். ஒட்டுவதற்கு முன் பிடிப்புக்காகத் தரையைக் கொத்திவிட்டார்களா என்பதைப் பொறுத்தது அது. கொத்தியிருந்தால் அந்தப் புள்ளிகள் போகாது. கொத்தவில்லையென்றால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும் என்று நம்பலாம். நிறம் திட்டுத்திட்டாக இருக்கும், வெடிப்பை அடைத்த இடம் தனியாகத் தெரியும். சிவப்பு ஆக்ஸைடை எவ்வளவு கவனமாகக் கலந்தாலும் அறுபது வருடப் பழசின் நிறம் வராது. அந்தக் கலவையைத் தேய்க்கத் தெரிந்த கொத்தனார்கள் மதுரையிலும் காரைக்குடிப் பக்கமும் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் வயதானவர்கள். கிடைத்தால் விடாதீர்கள். துடைத்துத் துடைத்து ஒரு வருடத்தில் தரை தானாக ஒரு மங்கலான மினுமினுப்புக்கு வந்துவிடும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பதை அம்மா நடமாடும் இடத்தில் மட்டும் தவிர்த்துவிடுங்கள், வழுக்கும்.

திரும்பக் கொண்டுவர முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தால், ஈரமுள்ள கீழ் வீட்டுக்கு வினைலைவிடச் சிமென்ட் கலவையில் பதிக்கும் ஓடு பொறுத்துப்போகும். ஆத்தங்குடிக் கல் அதில் ஒன்று. கண்ணாடிமேல் நிறச் சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதிலும் முதல் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் உப்பு பூக்கலாம், துடைத்தால் போகும். முழுத் தீர்வு வேண்டுமென்றால் தரையை உடைத்து, மண்ணை இறுக்கி, 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, புதுக் கான்கிரீட் போட வேண்டும். செலவு பெரிது. அதோடு, தரையை முழுக்க அடைத்த பிறகு ஈரம் சுவரடியில் ஏறி, ஒரு முழ உயரத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து கொட்டுவதை நான் மூன்று நான்கு வீட்டில் பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் அப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன், ஆனால் சுவருக்கு ஈரத்தடுப்பு இல்லாத வீட்டில் அந்த வாய்ப்பை எண்ணிப்பார்த்துவிட்டு இறங்க வேண்டும். தரைமேலேயே எபாக்ஸி ஈரத்தடுப்புப் பூச்சு அடித்து மறுபடி வினைல் ஒட்டலாம் என்று சொல்பவர்களும் உண்டு. நல்ல கான்கிரீட் தரையில் அது வேலை செய்யும். சுண்ணாம்பு ஜல்லிமேல் உள்ள சிவப்புத் தரையில் அதற்காக மெருகை முழுக்க இழைத்து எடுக்க வேண்டும், அப்படி எடுத்தும் அடி பலமில்லாவிட்டால் பூச்சு தரையின் தோலையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். நான் செய்வதில்லை. எந்த வழிக்குப் போனாலும் சாமி அறையில் மட்டும் வினைல் வேண்டாம். சூடம் விழுந்த இடம் உருகிக் கருகிவிடும்.

ஒட்டியவரிடம் பேசுவதைப் பற்றி. எதையும் பிய்ப்பதற்கு முன் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள், பாலித்தீன் தாளில் கோர்த்த நீரையும் சேர்த்து. ஒட்டுவதற்கு முன் ஈரம் பார்த்தீர்களா, பள்ளத்தை எதால் அடைத்தீர்கள், என்ன பசை என்று நிதானமாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை. மாடி வீட்டுத் தரையில் பழகிய கை, கீழ் வீட்டிலும் அதையே செய்கிறது. பேசினால் பாதித் தொகையாவது இறங்கி வருவார்கள். வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவதானால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் உதவும், அழித்துவிடாதீர்கள்.

இதெல்லாம் நடக்க நாள் பிடிக்கும். அதுவரை அம்மா அந்தத் தரையில்தான் நடக்க வேண்டும். அதனால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில், நிலைக்கு இரண்டு பக்கமும் ஓரம் தூக்கிய பலகைகளை ஒட்டப் பார்க்காமல் மொத்தமாக எடுத்துவிடுங்கள். வெட்டிய விளிம்பில் அகலமான துணி டேப்பைத் தரையோடு படிய ஒட்டிவிட்டு, ராத்திரியில் அந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். அங்கே வெளியே தெரிகிற சிவப்புத் தரையில் உங்கள் முதல் பாலித்தீன் தாளையும் ஒட்டிவிடலாம், ஆனால் நடைபாதைக்கு வெளியே, சுவரோரமாக. மறுநாள் தாளின் எந்தப் பக்கம் நீர் இருந்தது என்பதையும், பிய்த்த பலகையின் அடிப்பக்கப் படத்தையும் போடுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.